ஒரு கத்திக்கு ஒப்புக்கொண்டவர்

தராசில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கத்தியையும் அவர் ஒருமுறை ஊதினார். தூசி எடையில் சேர்ந்துவிடக் கூடாதாம்.

சமையலறை மேசை மேல் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் அவருடைய படைக்கலங்கள் தலைமாடு கால்மாடு பார்த்துப் படுத்திருந்தன. எதிரே மகள். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க அடுத்தவர்களுடைய தராசு பொய் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூத்தி நாப்பது.”

“இருக்காதே.”

“நூத்தி நாப்பதுதான்பா.”

“ஈரம் இருக்கும்மா. இரு, தொடச்சுட்டு வெக்கிறேன்.”

துடைத்தார். ஊதினார். வைத்தார். தராசு பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

“உன் ஆபீஸ் ஆளுங்க மாதிரியே இருக்கு இது,” என்றார். “கொஞ்சம்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்குது.”

விவகாரம் இதுதான். அவருக்கு இதயத்தில் அறுவை நடந்திருந்தது. நடக்கலாம், ஏறலாம், ஆனால் தோளில் தண்ணீரோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போன மாதம் மலையில் நடந்த கூத்துக்குப் பிறகு பல் டாக்டர் இன்னொரு நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவோடு மலை ஏறுகிற கும்பலுக்கு அந்த டாக்டர்தான் தலைவர். பையில் ஒரே ஒரு கத்தி. இரண்டாவது தென்பட்டால் அடிவாரத்திலிருந்தே பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர்; நம் வாய்க்குள் குறடு விடுகிறவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. அப்பாவுக்கோ அந்த மலையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு வாரத்தின் மற்ற நாட்களில் அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

ஆக, இருப்பதில் எது அந்த ஒன்று? அதை முடிவு செய்யத்தான் அன்று அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அப்போது அது வெறும் திங்கட்கிழமை.

அந்த மலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாதி தூரம் சிமெண்டுப் படி, மீதி தூரம் கைப்பிடிக் கம்பி. உச்சியில் ஒரு டீக்கடை. அங்கே செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு பெண்கள் ஏறுகிறார்கள். மனிதனைத் தாக்கக்கூடிய உயிரினம் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான், கொசு. காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த மலைக்குத்தான் அவர் மடக்குக் கத்தி, உறைக் கத்தி, பல் வைத்த கத்தி, கிளை அறுக்கும் மடக்கு ரம்பம், இடுக்கியும் திருப்புளியும் சேர்ந்த மல்டி டூல், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார். சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் கத்தி. சட்டைப்பையில், காகிதத்தில் சுற்றிய ஒரு ப்ளேடு, அது எதற்கு என்று கேட்டால், “மத்ததெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னா?” என்பார்.

“மலைக்குப் போறீங்களா, மாட்டை உரிக்கப் போறீங்களா?” என்று அம்மா கேட்பார். அம்மாவுக்குத் தனிக் கோபம் ஒன்று உண்டு. அப்பாவின் கத்திகள் எல்லாம் முன்கை முடியைத் தொட்டால் மழிக்கும். சமையலறைக் கத்தி மட்டும் தக்காளியோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கும். “இதைக் கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன்” என்றால், “அது வேற இரும்பு” என்று நகர்ந்துவிடுவார்.

அவருக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். கம்பிச் சன்னலுக்குப் பின்னால், முக்காலியில், உத்தியோகம் முழுவதும். மெக்கானிக் வந்து ஒரு போல்ட் கேட்டால் மூன்று கேள்வி: “எதுக்கு? எத்தனை? பழசு எங்க?” பழையது வராமல் புதியது போகாது. பழையது உடைந்து நடுரோட்டில் விழுந்திருந்தால், போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் காலத்தில் அந்த ஸ்டோரில் எதுவுமே தீர்ந்துபோனதில்லை என்று பிரிவு உபசார விழாவில் மேலாளர் புகழ்ந்தார். உண்மைதான். ஸ்டோர் நிறைந்திருந்தது. பஸ்கள்தான் நின்றுகொண்டிருந்தன.

மலைக் கும்பல் அவருக்கு வைத்த பெயரும் ‘ஸ்டோர்’தான். வைத்தவர்களுக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்று அப்போது தெரியாது. பையைப் பார்த்து வைத்தார்கள்.

கத்தி தேர்ந்தெடுப்பது பற்றி அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். படிக்கட்டில் மூச்சு வாங்க நிற்கிற இடமெல்லாம் பாடசாலை. “அலகு உள்ளங்கை அகலத்துக்கு மேல போகக் கூடாதுங்க. போனா அது கத்தி இல்ல, வீம்பு.” “விரிச்சா பூட்டிக்கணும். பூட்டாத கத்தி நம்ம விரலைத்தான் மொதல்ல பாக்கும்.” இரும்பைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும், உறவுக்காரர்களின் குடும்பச் சண்டையைச் சொல்வது மாதிரி. “இது நல்லா வெட்டும், ஆனா துருப்பிடிக்கும். அது துருப்பிடிக்காது, ஆனா தீட்டி முடிக்கிறதுக்குள்ள ஆயுசு முடிஞ்சுடும்.” உறைக் கத்தியின் பிடிக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்தார். புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். அவர் கையிலிருந்து எதுவும் புல்லில் விழுந்ததில்லை. விழுவதற்கு, முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே எடுத்தது ஆப்பிளுக்கு மட்டும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக உரித்து, துண்டு போட்டு, கத்தி முனையில் குத்தாமல் அலகின் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொருவருக்காக நீட்டுவார். எல்லோருக்கும் கொடுத்த பிறகு நடுத்தண்டைத் தான் கடிப்பார். பிறகு துணி, பிறகு எண்ணெய். ஆரஞ்சுப் பழத்தைத் தொட மாட்டார். புளிப்பு இரும்புக்கு ஆகாது. யாராவது ஆரஞ்சை நீட்டினால், “அதைக் கையால உரிச்சுக்கலாம்ல, கடவுளே அப்படித்தான பண்ணி வெச்சிருக்காரு,” என்பார்.

அப்படியானால் மற்றதெல்லாம் எதற்கு? மகள் கேட்டிருக்கிறாள்.

“வெட்டணும்னு ஒண்ணு வந்தா?”

“என்ன வந்தா?”

“அது வரும்போதுதானே தெரியும்.”

ஒரு நாள் வந்தது. அடிவாரத்தில் ஆள் நுழையும் சுழல்கதவில், கும்பலில் வருகிற டீச்சரின் பை நாடா மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர், உரத்த குரல். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது.

“ஸ்டோர் சார்! கத்தி குடுங்க சார்!”

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த அழைப்பு. அப்பா நிதானமாக வந்தார். குனிந்து நாடாவைத் தடவினார். “எதுக்கு?” என்றார். “பாத்தா தெரியலையா?” என்றார் டீச்சர். “நைலானா, பருத்தியா?” “எனக்கு எப்படி சார் தெரியும்?” நைலான்தான் என்று அவரே தீர்ப்பளித்தார். நைலானுக்கு வழவழ அலகு வழுக்கும். பல் வைத்த கத்திதான் வேண்டும். அது பைக்கு அடியில் இருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, மேலே இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, உறையோடு, ஒரே திசை பார்த்து அடுக்க ஆரம்பித்தார். பல் வைத்த கத்தி வெளியே வந்தபோது வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. கடைக்குப் பால் எடுத்துக்கொண்டு மேலே போகிற டீக்கடை அம்மா, பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் விஷயத்தை முடித்திருந்தார்.

அப்பா கத்தியும் கையுமாக நின்றார். டீக்கடை அம்மாவிடம் போய், “உங்க கத்தரிக்கோல் முனை போயிருக்கும். நைலான் முனையைத் தின்னுடும்,” என்றார்.

“போனாப் போகுது ஐயா. அந்தம்மா வந்துட்டாங்கல்ல?” என்றார் அவர்.

அப்பா குனிந்து, விரித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பையில் திரும்ப அடுக்கினார். ஒரு பொருள் செலவாவதும் ஒரு வேலை முடிவதும் ஒன்றாக நடக்கலாம் என்பது ஸ்டோர் படிப்பில் இல்லாத பாடம்.

போன மாதக் கூத்து இதைவிட மோசம். அறுவைக்குப் பின் அவர் பையை சனிக்கிழமைதோறும் மகள்தான் எடை பார்த்துக் கட்டினாள். அந்த வாரமும் பார்த்தாள். மூன்று கிலோவுக்குள் இருந்தது. நல்ல வெயில். கைப்பிடிக் கம்பி ஆரம்பிக்கிற இடத்தில் அப்பாவுக்குத் தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர் ஓடிவந்து தண்ணீருக்காகப் பையைத் திறந்தார். இரண்டு புட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, அதிலும் குடித்தது போகப் பாதி. இன்னொரு புட்டியின் இடத்தில், துணியில் சுற்றி, மடக்கு ரம்பம்.

எடை போட்ட பிறகு, ரம்பம் எவ்வளவு கனமோ அவ்வளவு தண்ணீரை அளந்து கீழே கொட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தும் வாதாடினார்.

“எடை சரியாத்தானே இருந்துச்சு? மூணு கிலோதானே சொன்னாங்க? என்ன மூணு கிலோன்னு யாராவது சொன்னாங்களா?”

மகள் வேலை பார்க்கும் கூடத்தில் தவறான எடையைக் கண்டுபிடிக்க எத்தனையோ வழிமுறை உண்டு. சரியான எடையில் தவறான சாமான் வைக்கிற ஆளுக்கு வழிமுறை கிடையாது.

பல் டாக்டருக்குக் கோபம் வந்தது ரம்பத்தைப் பார்த்தல்ல. “ஸ்டோர், உங்களுக்கு ரம்பம் முக்கியமா, உசுரு முக்கியமா?” என்று அங்கேயே கேட்டிருக்கிறார். அப்பா யோசித்திருக்கிறார். அந்த யோசனையைப் பார்த்துத்தான் கோபம். ஒரு மாதம் மலைக்கு வரக் கூடாது, அதன் பிறகு வந்தால் ஒரே ஒரு கத்தி என்றார்.

அந்த மாதம் வீட்டில் அவரை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாடு தனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கும்பல் இப்போது எந்தப் படியில் நிற்கும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். “சின்னப் புள்ள மாதிரி மொகத்த வெச்சுக்காதீங்க,” என்று அம்மா பூட்ஸைக் கழற்றச் சொன்னால், கழற்றிவிட்டு நாடாவை மட்டும் மறுபடி கோத்துக்கொண்டிருப்பார். வேறு எதையும் அப்படி ஏங்கி மகள் பார்த்ததில்லை. அதனால்தான் திங்கட்கிழமை தராசோடு உட்கார்ந்தாள். இந்த ஞாயிறு அவர் போயாக வேண்டும்.

ரம்பம் முதலில் விழுந்தது. மனமில்லாமல்தான். “கெளை ஏதாவது குறுக்க கெடந்தா டாக்டர் பல்லால கடிச்சு எடுக்கட்டும்,” என்றார். மல்டி டூல் கனத்தில் தோற்றது. பல் வைத்த கத்தி ஆப்பிளைக் கிழித்துவிடும் என்பதால் அதுவும் ஒதுங்கியது. கடைசியில் இரண்டு மிச்சம்: மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி, ஆரஞ்சுப் பிடி உறைக் கத்தி. இரண்டும் எடையில் கிட்டத்தட்ட ஒன்று. தராசு கையை விரித்துவிட்டது.

“மடக்குக் கத்தியே எடுத்துக்கோங்கப்பா. சின்னது, பூட்டிக்குது, நீங்க சொன்னதெல்லாம் அதுல இருக்கு.”

“மூட்டு இருக்கேம்மா அதுல. மூட்டுன்னு ஒண்ணு இருந்தா என்னிக்காவது ஆட்டம் குடுக்கும். என் முட்டியப் பாரு.”

“அப்ப உறைக் கத்தி.”

“அது அலகு தடிமன். ஆப்பிள் பொளந்துக்கும், துண்டு வராது.”

“அப்ப மடக்குக் கத்தி.”

“மூட்டு இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன்?”

அம்மா அடுப்படியிலிருந்து, “ரெண்டையும் வெச்சுட்டு ஆப்பிள மட்டும் எடுத்துட்டுப் போங்க. கடிச்சுத் தின்னுங்க,” என்றார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில், திருமணமே தப்போ என்கிற சந்தேகம் தெரிந்தது.

“நாளைக்குச் சொல்றேன்,” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. சாயங்காலமானால் செய்தித்தாளில் எதையோ மடித்து எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். திரும்பி வரும்போது கை வீசிக்கொண்டு வந்தார். ஒதுக்கி வைத்த கத்திகளையெல்லாம் யாருக்கோ தானம் பண்ணுகிறார் போல என்று அம்மா நினைத்தார். “திருந்திட்டாரு பாரு,” என்றார் மகளிடம். மகளும் நம்பினாள். ஒன்றுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு கும்பல் மலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தது. கூடத்தில் இருந்த நாற்காலிகள் போதாமல் சமையலறை முக்காலியும் வந்தது. டீச்சர்தான் ஆரம்பித்தார். பையைத் திறந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார்.

“இதத் திருப்பிக் குடுக்கணும்ங்க. ஸ்டோர் சாரோடது.”

பல் வைத்த கத்தி.

“செவ்வாய்க்கிழம வந்து குடுத்தாரு. ஞாயித்துக்கிழம தூக்கிட்டு வரச் சொன்னாரு. ‘டீச்சர், என் பையில ஒண்ணுதான் இருக்கணும்னு சட்டம். உங்க பையில இருக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே’ன்னாரு.”

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் எழுந்தார். அவரிடம் ரம்பம். “கனமா இருக்குதே சார்னு சொன்னேன். ‘உங்க காமிராவ விடவா?’ன்னாரு. மேல போய்க் கேட்டா ஒடனே எடுத்துத் தரணுமாம். எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு கண்டிஷன்.”

மல்டி டூல் ஒரு பொட்டலத்திலிருந்து வந்தது. சாவிக்கொத்துக் கத்தி இன்னொன்றிலிருந்து. காகிதத்தில் சுற்றிய ப்ளேடுகூட ஒருவர் சட்டைப்பையிலிருந்து வந்தது. ஆயுள் முழுக்க ஒரு வாஷரைக்கூடக் கேள்வி கேட்காமல் கொடுக்காத மனிதர், வீடு வீடாகப் போய், வேண்டாம் வேண்டாம் என்றவர்களின் கையில் எல்லாம் திணித்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பையில் ஒரு கத்தியும் இரண்டு புட்டி தண்ணீரும் இருந்திருக்கும். அவருடைய ஸ்டோர் முழுசாக, ஒரு உருப்படி குறையாமல், மற்றவர்கள் தோளில் மலை ஏறியிருக்கும்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து வராதது. அது எப்படி முடிந்தது என்பது இங்கே வேண்டாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கணக்குப் பார்த்தாள். வீட்டில் இருப்பது இரண்டு. மடக்குக் கத்தி, உறைக் கத்தி. அவருக்கு ஒன்று என்றால், இன்னொன்று யாருக்கோ போக வேண்டியது. வந்தவர்களில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது ஒருவர்தான்.

“டாக்டர், உங்க பங்கு எங்க?” என்றார் டீச்சர். “உங்களுக்கும் குடுக்கப் போறதாத்தான் எங்கிட்ட சொன்னாரு. ‘போலீஸ்காரர் பையிலதான் திருட்டுச் சாமான் பத்திரமா இருக்கும்’னாரு.”

பல் டாக்டர் குனிந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்தாரு,” என்றார். “வியாழக்கிழம சாயங்காலம். நான் மொட்ட மாடியில துண்டு காயப் போட்டுட்டு இருந்தேன், அவரு என்னப் பாக்கல. கேட்டத் தொறந்து உள்ள வந்தாரு. மணியில வெரல் வெச்சாரு. அமுக்கல.”

“அப்புறம்?”

“பொட்டலத்தப் பிரிச்சாரு. மரப்பிடிக் கத்தி. விரிச்சுப் பாத்தாரு, மடக்குனாரு. சரி, மறுபடி சுத்தப் போறாருன்னு பாத்தா, அத பேண்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அந்தப் பக்கத்துப் பாக்கெட்லேர்ந்து ஆரஞ்சுக் கத்திய எடுத்தாரு. அத பேப்பர்ல சுத்துனாரு. மணிகிட்ட போனாரு. நின்னாரு. மறுபடி பிரிச்சாரு. இது உள்ள போகுது, அது வெளிய வருது. அது உள்ள போகுது, இது வெளிய வருது. எனக்குத் துண்டு பூரா காயப் போட்டு முடிஞ்சிடுச்சு.”

“மேலேர்ந்து ஒரு கொரல் குடுத்திருக்கலாமே டாக்டர்?” என்றார் அம்மா.

“குடுத்திருக்கலாம்ங்க. கூப்பிட்டா வேற வழி இல்லாம ஒண்ணக் குடுத்துடுவாரு. அதான் கூப்பிடல.”

மிச்சத்தையும் அவரே சொன்னார். கடைசியில் செய்தித்தாளைப் பந்தாகச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். வலது கால்சட்டைப் பையில் ஒரு கத்தி, இடது பையில் ஒரு கத்தி. யாரோ பிடுங்க வருகிற மாதிரி இரண்டு கையாலும் இரண்டு பையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெளியே போனாராம். சாத்துவதற்குக் கை இல்லை. திரும்பி நின்று, ஒற்றைக் காலில், பூட்ஸ் முனையால், சத்தம் வராமல் கேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடினாராம்.